பாத்திரம் என்னும் சொல்

ஆலய மலர் ஒன்றைக் கையில் எடுத்தால் முதற் பக்கங்களில் ஆசிச் செய்திகளும் வாழ்த்துரைகளும் இருக்கும். அவற்றுட் பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே வாசகத்தில் நிறைவுறும். அடியார்கள் யாவரும் எம்பெருமானின் திருவருளுக்குப் பாத்திரராகி நல்வாழ்வு வாழப் பிரார்த்திக்கின்றோம் என்பதே அவ்வாசகம். இம்மலரிலும் அது இரண்டு மூன்று இடங்களிலாவது இருக்கும். வாசித்துப் பழகிவிட்டமையால் நாம் அவ்விடத்திலே தரித்து நிற்பதில்லை. ஆனால் ஒரு பிள்ளை அதனை வாசித்துவிட்டு, "அம்மா கழுவிக் கவிழ்த்து வைக்கிறதும் பாத்திரம், சாமியின்ரை அருளைப் பெறுகிற ஆளும் பாத்திரமோ?" என்று கேட்டால் என்ன விடை சொல்வோம்? சிரித்துத் தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியன்று அது. சட்டி பானையைக் குறிக்கும் சொல் எவ்வாறு மனிதரின் தகுதியைக் குறிக்கும் சொல்லாயிற்று என்பதை அறிந்தால், தானம் பற்றி நம்மவர் அடிக்கடி எடுத்துச் சொல்லும் பழமொழி ஒன்றின் பொருளும் தெளிவாகும். ஆதலால் அச்சொல்லின் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

வீட்டிலே வழங்கும் பெயர்கள்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பாத்திரம் என்பது முன்னர் பேச்சுச் சொல்லாக அதிகம் வழங்கியதில்லை. எங்கள் பாட்டிமார் ஏதனம் என்பார்கள். ஏனம் என்பாரும் உளர். கிணற்றடியிலே சாம்பலும் பழப்புளியும் தும்பும் கொண்டு தேய்த்துக் கழுவியது ஏதனத்தையே. பாத்திரம் பள்ளிக்கூடத்துச் சொல், கோயிற் சொல், புத்தகச் சொல். அடுக்களையிலே ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தமையால் பொதுப் பெயருக்கு அவ்வளவாக வேலையும் இருக்கவில்லை. வாய் அகன்றது சட்டி. வாய் ஒடுங்கி வயிறு பருத்தது பானை. கறி சட்டியிலே வேகும், சோறு பானையிலே வேகும். பனையிலே பாளையின் கீழ்க் கட்டுவது முட்டி. தண்ணீர் அள்ளி இடுப்பில் வைத்து வருவது குடம். குடிப்பதற்குச் செம்பும் மூக்குப்பேணியும். திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் சோறு அவிப்பது கிடாரம்.

மண்ணும் உலோகமும் மட்டுமல்ல, பனையோலையும் நமக்குப் பாத்திரமாயிற்று. கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி, தட்டுவம், பிளா என்பன ஓலையாலானவை. ஆடிப்பிறப்பன்று கூழை வார்த்துக் குடித்தது ஓலையை மடித்துக் கட்டிய பிளாவிலும், பலாவிலையைக் கோலிய கரண்டியிலும் ஆகும். இப்போது ஆடிக்கூழ் பிளாஸ்ரிக் கோப்பையிலே வருகிறது. கூழின் சுவை மாறவில்லை என்று சிலர் சொல்வர். பிளாவிலே குடித்தவர்கள் அதனை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஏனம் என்பதைப் பற்றி ஒரு குறிப்பு. இச்சொல்லுக்குப் பன்றி என்ற பொருளும் உண்டு. திருஞானசம்பந்தர் பாடிய முதற் பதிகத்தின் இரண்டாம் திருப்பாட்டிலே சிவபெருமான் அணிந்தவற்றுள் ஏனத்தின் கொம்பும் ஒன்றாக வருகிறது. அங்கே அது பன்றிக் கொம்பாகும். பன்றி வடிவெடுத்த திருமாலின் கொம்பினை இறைவன் அணிந்துகொண்ட புராண வரலாற்றைக் குறிப்பது. தேவாரம் படிக்கும் பிள்ளைகள் வீட்டு ஏனத்தை நினைத்து மயங்காதிருக்க இதனைச் சொல்லிவைப்பது நல்லது.

கலம் என்பது இன்னொரு பழந்தமிழ்ச் சொல். உண்ணும் ஏனமும் கலம், கடலிற் செல்லும் கப்பலும் கலம், அணியும் நகையும் கலம், நெல்லளக்கும் ஓர் அளவும் கலம். எதையாவது தன்னிடத்தே கொண்டு நிற்பது என்ற கருத்து முதலிரண்டிலும் தெளிவாகத் தெரிகிறது. மட்பாண்டம் செய்பவரைச் சங்கப் புலவர்கள் கலஞ்செய்கோ என்று விளித்தார்கள். புறநானூற்றின் 256 ஆம் பாட்டிலே கணவனை இழந்த ஒரு பெண், அவனை இட்டுப் புதைக்கும் தாழியைத் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனைந்து தரும்படி கலஞ்செய்கோவை வேண்டுகிறாள். அத்தகைய ஈமத் தாழிகள் நம் நாட்டிலும் புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பிலே அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பிறந்த வீட்டிலே பாலருந்தும் சங்கு முதல் கொள்ளிக்குடம் வரை மனிதனோடு கூடவே ஒரு கலம் வருகின்றது.

இவற்றோடு அந்நியர் தந்த பெயர்களும் சேர்ந்துள்ளன. பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைத் தம் நேரடி ஆட்சிக்குள் வைத்திருந்தது 1619 முதல் 1658 வரையே. முப்பத்தொன்பது ஆண்டுகள்தான். ஆயினும் கோப்பை, வாளி, பீப்பா, தாச்சி என்பன அவர்களுடைய மொழியிலிருந்து வந்தவை. அவற்றை வைக்கும் அலுமாரியும், சமைக்கும் இடமாகிய குசினியுங்கூட அவர்கள் சொற்களே. கோட்டையை விட்டுப் போனவர்கள் நம் குசினியை விட்டு இன்னும் போகவில்லை.

சொல் பிறந்த விதம்

பாத்திரம் வடசொல். "பா" என்னும் வேரிலிருந்து பிறந்தது. அவ்வேருக்குக் குடித்தல் என்பது பொருள். பானம் என்பதும் அதே வேரினடியாகப் பிறந்தது. "த்ர" என்னும் விகுதி ஒரு செயலுக்குக் கருவியாய் இருப்பதைக் காட்டும். ஆகவே குடிப்பதற்குக் கருவியாய் உள்ளது பாத்திரம். ஆதியில் அது குடிகலத்தையே குறித்துப் பின்னர் எல்லாக் கலத்துக்கும் பொதுவாயிற்று.

இந்த விகுதி நமக்குப் புதியதன்று. கோயிலிலே நாள்தோறும் கேட்கின்ற பல சொற்கள் இதனாலே முடிகின்றன. மன் என்றால் நினைத்தல். நினைப்பதற்குக் கருவி மந்திரம். ஸ்து என்றால் துதித்தல். துதிப்பதற்குக் கருவி தோத்திரம். சாஸ் என்றால் கற்பித்தல், கட்டளையிடுதல். அதற்குக் கருவி சாத்திரம். வஸ் என்றால் உடுத்தல், உடுப்பது வஸ்திரம். நீ என்றால் வழிநடத்துதல். நம்மை வழிநடத்திச் செல்வதாகிய கண் நேத்திரம். மந்திரமும் தோத்திரமும் பாத்திரமும் ஒரே அச்சில் வார்த்தவை என்றால் வியப்பாக இருக்கும், ஆயினும் உண்மை அதுவே.

இவ்விடத்திலே சிலர் பானையையும் இதே வேரோடு சேர்த்துவிடுவதுண்டு. பானத்தை வைப்பது பானை என்று சொல்வதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பானை தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் திராவிடச் சொல் என்றே மொழியறிஞர் கொள்கின்றனர். ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கட்டுதல் சொல்லாராய்ச்சியில் ஆகாது. "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பதைச் "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என மாற்றி, கந்தசஷ்டி விரதமிருந்தால் அகமாகிய பையிலே, அதாவது கருப்பையிலே குழந்தை தங்கும் என்று பிரசங்கத்திலே சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்க இனிமையானது. கந்தசஷ்டியின் மகிமைக்கும் யாதொரு குறைவுமில்லை. எனினும் அப்பழமொழி அடுப்படியிலே பிறந்தது என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. சிரட்டை அகப்பை சட்டியில் உள்ளதைத்தானே அள்ளும்?

வடமொழியிலே பாத்திரம் என்பதற்கு வேறு பொருள்களும் விரிந்தன. அமரகோசம் ஆற்றின் இரு கரைகளுக்கும் நடுவிலுள்ள இடத்தைப் பாத்திரம் என்கிறது. நமது வழுக்கையாறு மாரியிலே ஓடும், கோடையிலே வறண்டு கிடக்கும். நீர் இல்லாத காலத்திலும் இரண்டு கரைக்கும் இடையிலுள்ள அந்தப் பள்ளம் பாத்திரமே. மழை பெய்தால் நிற்க இடமுண்டு. நாடகத்திலே வேடம் தாங்கி வருபவனும் பாத்திரம். கதையிலுள்ள அரசனை ஏற்று நடிக்கும்போது நடிகன் அந்த அரசனைத் தாங்கும் கலமாகிறான். நமது கூத்துகளிலும் இன்னார் இன்ன பாத்திரமேற்றார் என்றே சொல்கிறோம்.

இவ்வழியிலேதான் தானம் வாங்குபவனும் பாத்திரம் எனப்பட்டான். கொடுப்பவன் சொரிகிறான், வாங்குபவன் ஏற்றுத் தாங்குகிறான். தாங்கக்கூடிய கலம் சற்பாத்திரம், தாங்கமாட்டாதது அபாத்திரம். ஓட்டைக் குடத்திலே பாலை வார்த்தாற் பயனில்லை என்பது வீட்டிலே தெரிந்த விடயந்தானே. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தக்க இடத்திலே, தக்க காலத்திலே, தக்க பாத்திரத்திலே, கைம்மாறு கருதாது கொடுப்பதைச் சாத்துவிக தானம் என வகுக்கிறது. சிவபுராணத்து வித்தியேசுவர சங்கிதையோ இச்சொல்லுக்கு இன்னொரு விளக்கம் தருகிறது. விழுதலிலிருந்து காப்பது பாத்திரம் என்றும், கொடுப்பவனைப் பாவத்திலிருந்து காப்பதனால் வாங்குபவன் பாத்திரம் எனப்படுகிறான் என்றும் அது கூறும். இலக்கண வழியில் இது வேர்ப்பொருள் அன்று. எனினும் கருத்து ஆழமானது. கொடுப்பவன் வாங்குபவனைக் காப்பாற்றுகிறான் என்றே நாம் நினைக்கிறோம். புராணம் அதனை மறுதலையாகச் சொல்கிறது.

ஒரு சிறு இலக்கணக் குறிப்பையும் இங்கே சேர்க்கலாம். வடமொழியிலே மனிதரைக் குறிக்கும்போதும் இச்சொல் அஃறிணையாகவே, அதாவது கலம் என்ற வடிவிலேயே நிற்கும். தமிழிலே நாம் அதற்கு உயர்திணை விகுதி கொடுத்துப் பாத்திரன், பாத்திரர் என்று ஆக்கிக்கொண்டோம். ஆகவே "அருளுக்குப் பாத்திரமாகுக" என்றாலும் "பாத்திரராகுக" என்றாலும் வழுவில்லை.

ஆலயத்திலே

கோயிற் கிரியைகளைக் கவனித்தால், அங்கே ஏனங்கள் வெறும் ஏனங்களாய் இருப்பதில்லை. கும்பாபிஷேகம் என்னும் பெயரிலேயே குடம் இருக்கிறது. குடமுழுக்கு என்பது அதற்குரிய தமிழ். யாகசாலையிலே வைக்கும் கும்பத்தை ஓர் உடம்பாகவே பாவிப்பர். குடம் தசை, நிறைத்த நீர் இரத்தம், சுற்றிய நூல் நாடி, மேலுள்ள தேங்காய் சிரசு, மாவிலை தலைமயிர், ஓதும் மந்திரம் உயிர். அதிலே இறைவனை எழுந்தருளச் செய்து பூசித்து, அந்த நீரைத் தூபிக்கும் மூலமூர்த்திக்கும் அபிஷேகம் செய்கின்றனர். நாம் வீட்டு வாசலிலே நிறைகுடம் வைப்பதும் இந்தப் பாவனையின் எளிய வடிவமே. வெறுங்குடத்தை யாரும் வாசலில் வைப்பதில்லை.

குருக்கள் கையிலே வைத்திருக்கும் பஞ்சபாத்திரத்தையும் பலர் பார்த்திருப்பீர்கள். பெயர் ஐந்து பாத்திரம் என்பது. இருப்பதோ ஒரு கிண்ணமும் உத்தரணியும். பூசைக்குரிய நீரை வெவ்வேறாக வைத்த கலங்களின் தொகுதிக்குரிய பெயர் இப்போது ஒன்றிலே நிலைத்துவிட்டது.

இரண்டு பாத்திரங்களின் கதை

பாத்திரம் என்றவுடன் பாண்டவர்க்குச் சூரியன் அருளிய அட்சய பாத்திரம் நினைவுக்கு வரும். அதனை யாவரும் அறிவர். நமக்கு இன்னும் அண்மையிலுள்ளது மணிமேகலையின் அமுதசுரபி. சீத்தலைச் சாத்தனாரின் அக்காப்பியம் பௌத்த காப்பியமாயினும், பசி தீர்த்தல் பற்றி அதிலே சொல்லப்பட்டவை எச்சமயத்தவரும் போற்றத்தக்கவை. அதன் காதைகளிலே பாத்திரம் பெற்ற காதை, பாத்திர மரபு கூறிய காதை, பாத்திரம் கொண்டு பிச்சை புக்க காதை என மூன்றின் பெயரிலே இச்சொல் வருகிறது. தமிழிலே ஒரு பாத்திரத்துக்கு "மரபு", அதாவது வமிச வரலாறு, சொன்ன நூல் வேறு உண்டோ தெரியவில்லை.

அப்பாத்திரத்தை முதலில் வைத்திருந்தவன் ஆபுத்திரன். பெற்ற தாயால் கைவிடப்பட்டவன். வேள்விக்கு வைத்திருந்த பசுவை அவிழ்த்துவிட்டமைக்காக, வளர்த்த அந்தணரும் அவனைத் துரத்திவிட்டனர். மதுரைக்குச் சென்று வீடுகள் தோறும் பிச்சையெடுத்தான். எடுத்ததைக் குருடர், செவிடர், முடவர், ஆதரிப்பார் இல்லாதார், நோயாளர் எல்லோரையும் கூவி அழைத்து ஊட்டினான். மிஞ்சியதைத் தான் உண்டு, பிச்சை ஓட்டையே தலையணையாக வைத்துப் படுத்தான். ஒருநாள் மழை பெய்யும் நள்ளிரவிலே பசியோடு சிலர் வந்து எழுப்ப, கொடுப்பதற்கு ஒன்றுமில்லாது வருந்தியபோது சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை அவனுக்கு அளித்தாள்.

இனி வருவதுதான் முக்கியம். அவனுடைய அறத்தின் மேன்மை கண்டு இந்திரன் வந்து வரந் தருவதாகச் சொல்ல, ஆபுத்திரன் நகைத்தான். பசித்தவர் உண்ணும்போது அவர் முகத்தைக் காண்பதைவிட உன்னிடம் என்ன இருக்கிறது என்பது அவன் எண்ணம். சினங்கொண்ட இந்திரன் அவனைத் தண்டித்த விதம் நூதனமானது. பாண்டிநாடெங்கும் மழையைப் பெய்வித்தான். விளைவு பெருகியது. பசித்தவர் ஒருவரும் இல்லாமற் போயினர். உண்ண வாருங்கள் என்று ஆபுத்திரன் ஊர்தோறும் அழைத்தும் வருவாரில்லை. கையிலே குறையாத பாத்திரம் இருந்தும் அது பயனற்றதாயிற்று. ஏற்பவராகிய பாத்திரம் இல்லாவிட்டால் கொடுக்கும் பாத்திரத்துக்கு வேலையில்லை என்பதைச் சாத்தனார் இவ்வாறு கதையாக்கிவிட்டார். பின்னர் சாவக நாட்டிலே மழையின்றி மக்கள் வருந்துவது கேட்டுக் கப்பலேறியவனை, இடைவழியில் மணிபல்லவத்திலே தவறவிட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவிலே தான் மட்டும் உண்டு வாழ மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையிலே விட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான். அப்பொய்கையிலிருந்து வைகாசிப் பூரணையன்று மேலெழுந்ததே மணிமேகலையின் கைக்கு வந்தது.

மணிபல்லவம் நயினாதீவே என்பது நம்மவரிடையே வேரூன்றிய கருத்து. ஆராய்ச்சியாளர் எல்லோரும் அதற்கு உடன்படுவதில்லை. எவ்வாறாயினும் நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்து அன்னதான மண்டபம் அமுதசுரபி என்ற பெயரையே தாங்கியிருக்கிறது.

மற்றையது பெரியபுராணத்திலுள்ள திருவோடு. தில்லையிலே வேட்கோவர் குலத்துதித்த திருநீலகண்ட நாயனார் அடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுப்பதையே தொண்டாகக் கொண்டவர். சிவபெருமான் சிவயோகியாராக வந்து ஓர் ஓட்டினைக் கொடுத்துத் தாம் கேட்கும்போது தருமாறு சொல்லிச் சென்று, பின் அதனை மறைத்துவிட்டுத் திருப்பிக் கேட்டார். வேறு நல்ல ஓடு தருகிறேன் என்று நாயனார் சொல்ல, பொன்னாலே செய்து தந்தாலும் வேண்டாம், நான் தந்த மண்ணோடே வேண்டும் என்று இறைவன் வழக்காடினார். அதன் முடிவிலே நாயனாரும் மனைவியாரும் இளமை பெற்றதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பொன்னை விலக்கி மண்ணைக் கேட்ட இறைவனுக்குப் பாத்திரத்தின் விலை ஒரு பொருட்டாய் இருக்கவில்லை.

பழமொழியும் நாமும்

"பாத்திரம் அறிந்து பிச்சையிடு, கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு" என்பது நம் வீடுகளிலே வழங்கும் பழமொழி. பாத்திரம் என்பது இங்கே பிச்சைக்காரன் நீட்டும் ஏனமன்று, ஏற்பவனின் தகுதி என்பது இதுவரை கூறியவற்றால் விளங்கும். ஆனால் தகுதி எது? அங்கேதான் சிக்கல் ஏற்பட்டது. தகுதி என்பதைக் குலம் என்றும் அந்தஸ்து என்றும் சிலர் தம் வசதிக்கேற்பப் பொருள் கொண்டனர். பழமொழியின் இரண்டாம் பாதியிலுள்ள கோத்திரத்தை முதற் பாதிக்கும் இழுத்துவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

ஒவ்வொரு தானத்துக்கும் பாத்திரம் வேறு. நிலத்தையும் பொன்னையும் வித்தையையும் கொடுக்கும்போது, வாங்குபவன் அவற்றை நல்வழியிலே பயன்படுத்துவானா என்று பார்ப்பது தகும். குடிகாரன் கையிலே காசைக் கொடுப்பவன் அவன் பெண்சாதி பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிறான். இந்த அளவிலே பழமொழி சரியானதே. அன்னத்துக்கோ பசித்தவனே பாத்திரம் என்பது பெரியோர் வழக்கு. அங்கே பார்க்கவேண்டிய தகுதி வயிறு ஒன்றுதான். ஔவையார் ஆத்திசூடியிலே உண்பதற்கு முன் ஐயமிடச் சொன்னபோது யாருக்கு என்று நிபந்தனை வைக்கவில்லை. வள்ளுவரும் வறியவர்க்குக் கொடுப்பதையே ஈகை என்றார். ஏனையவற்றைக் குறியெதிர்ப்பை என்று ஒதுக்கினார். குறியெதிர்ப்பை என்பது அடுத்த வீட்டிலே ஒரு சுண்டு அரிசி கடன் வாங்கி, அதே சுண்டால் அளந்து திருப்பிக் கொடுப்பது போன்றது. அது நல்ல அயல் வழக்கம், ஆனால் தருமமன்று.

நம்மூர்களிலே இந்தத் தெளிவு எப்போதும் இருந்ததில்லை. எழுதுவதற்கு மனம் கூசினாலும் மறைப்பதிற் பயனில்லை. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே ஒரு பகுதியினருக்கு மூக்குப்பேணியிலும் மற்றையோருக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் கொடுத்தார்கள். தாகம் ஒன்று, தேநீர் ஒன்று, ஏதனம் மாத்திரம் வேறு. கோயில் மடங்களிலும் பந்திகள் பிரிந்திருந்தன. பலருக்கு உள்வாசலே மூடியிருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் வந்தது. அதன் பின்னும் 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் போராட்டங்களாகவே நடக்கவேண்டியிருந்தன. பாத்திரமறிதல் என்பதை மனிதரைத் தள்ளிவைக்கும் அளவுகோலாகக் கொண்டதன் விளைவு அது.

பின்னர் யாவர்க்கும் ஒரே நிலை வந்தது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே வீடுகளை விட்டுத் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது சைக்கிளிலும் தலையிலும் கொண்டுபோகக்கூடிய ஏதனம் எத்தனை? ஒரு பானை, ஒரு சட்டி, ஒரு செம்பு. கலியாணத்துக்குச் சீதனமாய் வந்த பித்தளைக் குடங்களையும் அண்டாக்களையும் சிலர் கிணற்றுக்குள் இறக்கினர், சிலர் கோடியிலே குழிதோண்டிப் புதைத்தனர். பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தங்கியிருந்து கஞ்சிக்கு வரிசையிலே நின்றபோது, முன்னே நின்றவர் யார் பின்னே நின்றவர் யார் என்று பார்த்தவர் இல்லை. நேற்றுவரை தம் வீட்டுப் படலையிலே நின்று பாத்திரம் பார்த்துப் பிச்சையிட்டவர்கள் கையிலே பாத்திரத்தோடு நின்றார்கள். 2009 இலே வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்கு வந்த உறவுகள் நின்ற வரிசை இதனிலும் நீளமானது. அவர்களுட் பலரிடம் ஏந்துவதற்கு ஒரு கோப்பை தானும் இருக்கவில்லை. கிடைத்த பேணியிலும், வெட்டிய போத்தலிலும் வாங்கிக் குடித்தனர்.

கஞ்சிக்கு வரிசை நிற்றல் இந்த மண்ணுக்கு அதற்கு முன்னும் நேர்ந்ததே. 1877 இலே பஞ்சம் வந்தபோது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். அச்சுக்கூடமும் வித்தியாசாலையும் நிறுவிய அவரது பெருமையைப் பேசும் அளவுக்கு நாம் இத்தொட்டியைப் பேசுவதில்லை. சைவம் வளர்க்கப் புத்தகம் எழுதியவர் பசி வந்தபோது கஞ்சி காய்ச்சினார் என்பது பாடப்புத்தகத்திலே இன்னும் சற்றுப் பெரிய எழுத்திலே இருக்கவேண்டியது.

அன்னதானக் கந்தன் என்று அழைக்கப்படும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு அமுது படைப்பது வெள்ளித் தட்டிலன்று, ஆலிலையில். சந்நிதியைச் சூழ்ந்துள்ள மடங்களிலே அடியார்களுக்கு அன்னதானம் நடக்கிறது. கிடாரத்திலே வெந்த சோறு கடகத்துக்கு வரும், கடகத்திலிருந்து இலைக்கு வரும். பந்தியிலே வந்து அமர்பவரிடம் ஊரும் பேரும் கேட்பதில்லை. சோறு கொண்டுவருபவர் கேட்பது, இன்னும் கொஞ்சம் போடட்டோ என்பது மட்டுமே.